வருஷம் திரும்புவதற்குள்

பெருங்களத்தூர் மேம்பாலத்துக்குக் கீழே ஜெஃப்ரி ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடினான். கையில் கத்தி இருந்தது. முன்னால் ஓடியவன் எதிர்க்கோஷ்டி வேதாசலத்தின் ஆள். செருப்பை உதறிவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். நாலு கடை தாண்டுவதற்குள் பிடித்துவிடக்கூடிய ஓட்டம்தான். ஆனால் பாதியிலேயே ஜெஃப்ரிக்கு மூச்சு முட்டியது. காதுக்குள் ரயில் போவதுபோல் இரைந்தது. ஓங்கிய கை எதன்மேலும் படாமல் தானாகக் கீழே இறங்கியது. சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னால் காலடிச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டு ஓடியவன் திரும்பிப் பார்த்தான். துரத்தி வந்தவன் தரையில் உட்கார்ந்திருப்பதை அவனால் நம்ப முடியவில்லை. நிதானமாக நடந்து வந்து, இடுப்பிலிருந்ததை உருவி, ஜெஃப்ரியின் தோளில் ஒரு வெட்டு வெட்டினான். இரண்டாவது வெட்டு விழுவதற்குள் ஜெஃப்ரியின் கூட்டாளி ஆரோன் பைக்கை அவன்மேல் ஏற்றிவிட்டான்.

இதெல்லாம் ஆரோன் சொல்லித்தான் கீதாவுக்குத் தெரியும். முடிச்சூரில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கணவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்ததையும், அதன் பிறகு குளியலறைத் தரையில் ஓடிய ரத்தத்தையும்தான் அவள் கண்ணால் பார்த்தாள். எட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் நிறைய ரத்தம் பார்த்திருக்கிறாள். அவனுடையது, மற்றவர்களுடையது, தன்னுடையது. இது வேறு மாதிரி இருந்தது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போல் நீர்த்திருந்தது. துணியில் சரியாகக் கறைகூடப் பிடிக்கவில்லை.

கண்ணாடி குத்திவிட்டதாகச் சொல்லித் தையல் போடப் போன இடத்தில், தைத்தவர் காயத்தைவிட ஜெஃப்ரியின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தத்தைச் சோதித்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

ஜெஃப்ரியின் தம்பி ஸ்டெபின் செத்து அப்போது ஒன்பதரை மாதம் ஆகியிருந்தது. முடிச்சூரில் ஒரே மனைக்கு இரண்டு பத்திரம். ஒரு பத்திரத்துக்குக் காவலாக வேதாசலம், இன்னொன்றுக்கு ஜெஃப்ரியும் ஸ்டெபினும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சலூன் நாற்காலியில் சாய்ந்து கண்மூடியிருந்த ஸ்டெபினை நாலு பேர் உள்ளே புகுந்து வெட்டினார்கள். கழுத்தில் கட்டியிருந்த துண்டு அவனை எழவிடவில்லை. பெட்டியில் வைத்தபோது ஒரு கன்னம் வழித்திருந்தது, மறுகன்னத்தில் காய்ந்த சோப்பு. அதை வழிக்க ஜெஃப்ரி விடவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

கல்லறையில் அவர்களுடைய ஆட்கள் ஒவ்வொருவராக மண்ணை அள்ளிப் பிடித்துச் சத்தியம் செய்ததைக் கீதா தள்ளி நின்று பார்த்தாள். பிறகு ஆரோன் அவளுக்கு அதை விளக்கினான், கல்யாணச் சடங்கை விளக்குவதுபோல. வருஷம் திரும்புவதற்குள் பதிலுக்கு உயிர் எடுக்க வேண்டும். முதல் வெட்டு கூடப்பிறந்தவனுடையதாக இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் கை வைக்கலாம். இல்லையென்றால் அது பழி ஆகாது, வெறும் கொலைதான். நாள் தாண்டிவிட்டாலும் அப்படித்தான். கீதா கேட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் பேசாமலிருந்து பழகியிருந்தாள்.

டாக்டர் நாகலக்ஷ்மி அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் ஏழரைதான் இருக்கிறது, உடம்பில் இரும்புச்சத்து துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது என்றார். எங்கேயாவது ரத்தம் போகிறதா என்று கேட்டார். ஜெஃப்ரி சுவரைப் பார்த்தான். டாக்டர் காத்திருந்தார். கடைசியில், வெளிக்கிப் போகும்போது போகிறது, இரண்டு வருஷமாக, என்றான். மூலம்.

கீதாவுக்கு அதுவே புதிது. அவன் லுங்கியில் ரத்தம் பார்த்தபோதெல்லாம் யாருடையதோ என்று நினைத்து அலசிப் போட்டிருக்கிறாள்.

மூலத்துக்கு மருந்து எழுதிவிட்டு, இரும்புக்கு மூன்று வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். ரத்தம் ஏற்றலாம், ஆனால் இந்த அளவுக்கு அது கட்டாயமில்லை. மாத்திரை சாப்பிடலாம். மெதுவாகத்தான் ஏறும், வயிற்றைக் கட்டும், மலம் கறுப்பாகப் போகும், மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். அல்லது இரும்பையே டிரிப்ஸாக நரம்பில் ஏற்றிவிடலாம். வாரத்துக்கு ஒன்றாக இரண்டு தடவை வந்தால் போதும். செலவு அதிகம், அபூர்வமாகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் ஏற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக வேண்டும். இதில் எது வசதி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். நல்ல டாக்டர். அவசரப்படுத்தாமல் கேட்டார்.

“வேற எவன் ரத்தமும் வேணாம் மேடம்” என்றான் ஜெஃப்ரி. பிறகு, “அந்த டிரிப்ஸுக்கு கைய ஆட்டாம படுத்துக்கினே இருக்கணுமா?” என்று கேட்டான்.

“ஆமா. ஊசி நகர்ந்தா மருந்து வெளிய கசிஞ்சு தோல்ல கறை பிடிச்சிடும். ஒரு அரை மணி நேரம்தான்.”

“எங்க படுக்கணும்?”

டாக்டர் பக்கத்து அறையைக் காட்டினார். அவன் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். ஒரு கட்டில், ஒரு கம்பி, ஜன்னலில் கம்பி வலை, ஒரே ஒரு கதவு. மாத்திரை போதும் என்றான்.

சீக்கிரம் தேற வேண்டிய கட்டாயம் ஏதாவது இருக்கிறதா, வேலை, பயணம், அப்படி, என்று டாக்டர் கேட்டார்.

“தம்பியோட நினைவு நாள் வருது. ரெண்டு மாசத்துக்கு மேல கீது. அதுக்குள்ள கைகாலு சரியாயிட்டா போதும் மேடம்.”

டாக்டரின் முகம் இளகியது. தம்பிக்கு என்ன வயது என்று கேட்டார், வருத்தப்பட்டார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அதற்குள் நல்ல மாற்றம் தெரியும், நாலு பேர் வரும் நாளில் நீங்கள் தெம்பாக நிற்கலாம் என்றார். ஜெஃப்ரி தலையாட்டிவிட்டு, வாசலில் நிற்கும் ஆரோனைப் பார்ப்பதற்காக வெளியே போனான். மீதி விவரத்தை டாக்டர் கீதாவிடம்தான் சொன்னார். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் நல்லது. டீ, காபி, பால் கூடவே கூடாது, மருந்தை உடம்பில் சேரவிடாமல் பண்ணிவிடும்.

மறுநாள் காலை கீதா அடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றாள். மேடையில் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தது. பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய இடது காது சரியாகக் கேட்காது. ஹெல்மெட்டால் அடித்தது. வலது புருவத்தில் குக்கர் மூடியின் விளிம்பு பட்ட தழும்பு. முதுகில் இருப்பதை அவளே பார்த்ததில்லை, துணி போடும்போது விரல் தடவித்தான் தெரியும். ஸ்டெபின் செத்த பிறகு இரண்டு மூன்று மாதம் அடி அதிகமாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல நின்றது. அவன் மூலையில் உட்கார்ந்து ஐஸ் கட்டிகளைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான். பிரிட்ஜில் தட்டு காலியானால் கீழே ஜூஸ் கடையில் போய் வாங்கி வந்து கடித்தான். நறநறவென்ற அந்தச் சத்தம்தான் வீட்டில் எப்போதும். துக்கம் அவனை அடக்கிவிட்டது என்று அவள் நம்பியிருந்தாள். அதற்காகக் கொஞ்சம் பிரியம்கூட வந்திருந்தது. துக்கமில்லை, உடம்பில் இரும்பு இல்லாததுதான் என்பது டாக்டரின் அறையில்தான் தெரிந்தது. ஐஸ் கடிப்பதும் அந்த நோயின் குணம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தெம்பு வந்தால் அவன் போவான். போனால், ஒன்று வேதாசலமோ அவன் ஆளோ சாவான், இவன் ஆயுள் தண்டனைக்குப் போவான். அல்லது இவன் வேறொரு சலூன் நாற்காலியில் சாவான். வருஷம் திரும்பிவிட்டால் சத்தியம் செல்லாது. அவர்களே போட்டுக்கொண்ட விதி. மீதமிருந்தது இரண்டு மாதமும் சொச்சமும். அவன் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும்.

பால் நிறைய விட்டு, தூள் தூக்கலாகப் போட்டு, டீயை ஆற்றினாள். மாத்திரையையும் டம்ளரையும் ஒன்றாக நீட்டினாள். அவன் ஒரே மடக்கில் விழுங்கினான். எலுமிச்சம்பழத்தை அன்று ரசத்தில் பிழிந்தாள்.

மாத்திரை அதன் கெடுதலை மட்டும் ஒழுங்காகச் செய்தது. வயிறு கட்டிக்கொண்டது. கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது அவன் நெற்றி வேர்த்திருக்கும்.

“இன்னா மாத்திரைமே இது. வயித்துல சிமென்ட் கொட்டின மாரி கீது” என்பான்.

முக்கி முக்கி ரத்தம் முன்னைவிட அதிகம் போயிற்று. உதடு சாம்பல் நிறமானது. நகம் குழிந்தது. ஒருநாள் பகலில் குளியலறையில் விழுந்த சத்தம் கேட்டு ஓடினாள். குழாயடியில் மல்லாந்து கிடந்தான். கண் மேலே செருகியிருந்தது. செத்துவிட்டான் என்றே நினைத்தாள். கன்னத்தில் ஓங்கி அறைந்தாள், மறுபடியும் அறைந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அடித்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, யாரோ தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல, தண்ணீர் கேட்டான்.

அதன் பிறகு இரண்டு நாள் எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தாள். மூன்றாம் நாள் ஆரோன் வந்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, ஸ்டெபின் கொலை வழக்கில் உள்ளே இருந்த வேதாசலம் ஜாமீனில் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னான். தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரே வழி, ஒரே நேரம். நினைவு நாளன்றே முடித்துவிட்டு, நேராகக் கல்லறைக்குப் போய் மாலை போட்டுவிடலாம், ஸ்டெபினுக்கும் அதுதான் பிடிக்கும் என்றான். செத்தவனுக்கு எது பிடிக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கீதா யோசித்தாள். மறுநாளிலிருந்து மறுபடியும் டீ.

ஐந்து வாரம் கழித்து எடுத்த சோதனையில் அளவு ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டர் நாகலக்ஷ்மி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டீர்களா என்று ஜெஃப்ரியைக் கேட்டார். ஒருநாள் விடவில்லை என்றான்.

“கூட டீ, காபி, பால் ஏதாவது குடிச்சீங்களா? அன்னிக்கே உங்க வைஃப் கிட்ட சொன்னேனே, கூடாதுன்னு.”

ஜெஃப்ரி மெதுவாகத் தலையைத் திருப்பிக் கீதாவைப் பார்த்தான். அவள் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல மேடம்” என்றான் அவன். “தண்ணிதான்.”

அப்படியென்றால் உங்கள் குடல் இரும்பை உறிஞ்சவில்லை, சிலருக்கு அப்படி இருக்கும், டிரிப்ஸ்தான் வழி என்றார் டாக்டர். இந்த முறை அவன் அந்த அறையை எட்டிப் பார்க்கவில்லை. எப்போது வரலாம் என்று மட்டும் கேட்டான்.

பைக்கில் திரும்பினார்கள். முடிச்சூர் சாலையில் ஸ்டெபினின் நினைவு நாள் சுவரொட்டிகள் ஒட்டத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

“தெரிஞ்சேதான் குட்த்தியா?”

“தெரிஞ்சேதான்” என்றாள் கீதா.

அறைந்தான். அவள் சுவரில் மோதிக்கொண்டாள். முடியைப் பிடித்து இழுத்து இன்னொரு அறை. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியவன், அப்படியே நின்றான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். கட்டிலின் விளிம்பைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். கீதாவுக்கு வலிக்கவே இல்லை. வலிக்காதது அவளுக்கு அவமானமாக இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான்.

டிரிப்ஸ் போட்ட அன்று ஆரோனும் இன்னும் இரண்டு பேரும் அந்த அறை வாசலில் நின்றார்கள். இடது கையில் நரம்பு அகப்படாததால் ஜெஃப்ரி வலது கையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, இடது கையைப் போர்வைக்குள் வைத்திருந்தான். போர்வைக்குள் கத்தி இருப்பது கீதாவுக்குத் தெரியும். பாட்டிலில் இருந்த மருந்து பால் விடாத டீயின் நிறத்தில் இருந்தது. அது சொட்டுச் சொட்டாக இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை.

பாதி இறங்கியிருந்தபோது நடைவழியில் சக்கரச் சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் துணி மூடிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தான். ஆரோன் என்ன ஏதென்று கேட்கவில்லை. அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அறைந்தான். பல் பட்டு உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. இன்னொருவன் துணியை இழுத்தான். அழுக்குப் படுக்கை விரிப்புகள், ஒரு பேசின். மருத்துவமனைத் துப்புரவு ஆள். ஜெஃப்ரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான், கத்தி வெளியே வந்திருந்தது. ஊசி இருந்த கையை அசைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டு கீதாவிடம், மருந்து நின்றுபோச்சா பார், என்றான். நிற்கவில்லை. இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது பாட்டிலை வேறு ஒரு கிளினிக்கில் ஏற்றிக்கொண்டான். முதல் இடத்தில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில் நின்றது ஐஸ். பிரிட்ஜில் தட்டு நிறைந்தபடியே கிடந்தது. பிறகு மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினான். சோறு இரண்டு தடவை போட்டுக்கொண்டான். உள்ளங்கைக் கோட்டில் சிவப்பு வந்தது. சாயங்காலங்களில் பக்கத்துக் காலி மனைக்குப் போய், அங்கே தானாக முளைத்திருந்த வாழை மரங்களை வெட்டினான். ஜன்னலிலிருந்து கீதா பார்ப்பாள். முதல் நாள் கத்தி பாதித் தண்டில் சிக்கிக்கொண்டது. சில நாள் கழித்து ஒரே வீச்சில் மரம் சாய்ந்தது. வெட்டுவாயிலிருந்து தண்ணீராக வழிந்தது. அவன் கத்தியை லுங்கியில் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். அந்த மனை முழுக்கச் சாய்ந்து கிடந்த தண்டுகள் வெயிலில் அழுகி நாறின.

நினைவு நாளுக்கு மூன்று நாள் முன்பு அவள் கேட்டாள். காலில் விழவில்லை, அழவில்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து, போகாதே என்றாள். ஊரப்பாக்கத்தில் அவள் அக்கா வீடு இருந்தது. அங்கிருந்து வேறு எங்காவது போகலாம், ஏதாவது வண்டி ஓட்டிப் பிழைக்கலாம் என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது அவன் எச்சில் கையோடு குத்தினான். உட்கார்ந்த இடத்திலிருந்து, பெரிதாகக் கையை ஓங்காமல். அவள் பின்னால் சரிந்து அலமாரிக் காலில் தலை இடித்தது. வாய்க்குள் ஏதோ கல்போல் உருண்டது. துப்பினாள். கடைவாய்ப்பல்லின் பாதி.

அவன் மூச்சு வாங்கவில்லை. தட்டை இழுத்துக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டான். தரையில் கிடந்தபடி கீதா அதைத்தான் கவனித்தாள். எந்தச் சோதனையும் தேவையில்லை. பழைய அடி திரும்பி வந்துவிட்டது.

நினைவு நாள் காலையில் கீதா ஆறு மணிக்கே எழுந்தாள். ஆரோனும் மற்றவர்களும் எட்டு மணிக்கு வருவார்கள். ஜெஃப்ரி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டு, கொஞ்சம் கண்ணை மூடுகிறேன் என்று முன்னறைத் தரையில் படுத்தான். பயமில்லாதவன்போல் சீக்கிரம் தூங்கிவிட்டான். வலது கையை நீட்டிப் போட்டிருந்தான், உள்ளங்கை மேலே பார்த்தபடி. டிரிப்ஸ் ஏற்றிய இடத்தில் கசிந்த மருந்தின் பழுப்புக் கறை காசளவு இருந்தது. அது போகப் பல மாதம் ஆகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

சமையலறையில் அவள் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். பல்லாவரம் சந்தையில் வாங்கிய சின்ன அம்மி. அரைத்து வழித்து, குழவியைக் கழுவினாள். கழுவிய பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. ஈரம் கையில் வழுக்கியது. முந்தானையால் துடைத்தாள், கல்லையும் கையையும். அப்போது கூட எதற்குத் துடைக்கிறோம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் வைத்துவிட்டிருப்பாள். முன்னறைக்கு வந்து அவன் கைப்பக்கமாக மண்டியிட்டாள். அவன் தூக்கத்தில் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தம் ஓடியது. நோய்க்கு முன்னால் இருந்த முகம், அவனோடு அவள் வீட்டை விட்டு வந்தபோது பார்த்த முகம்.

குழவியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி மணிக்கட்டின்மேல் போட்டாள். காய்ந்த மட்டை முறிகிற சத்தம். அவன் கண் திறந்தது, வாய் திறந்தது, சத்தம் வருவதற்குள் மறுபடியும் தூக்கி விரல்களின்மேல் போட்டாள்.

அவன் அலறியபடி எழுந்து அவள்மேல் விழுந்தான். இடது கை அவள் தொண்டையைப் பிடித்தது. பின்னந்தலை தரையில் மோதியது. அவள் அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் இருந்தது. கண்ணுக்கு முன்னால் அறை சுருங்கியது. அவன் எச்சில் அவள் முகத்தில் சொட்டியது. இன்னும் கொஞ்சம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வருத்தமாகக்கூட இல்லை.

கீழே பைக் ஹாரன் அடித்தது. இரண்டு, மூன்று வண்டிகள்.

கை தளர்ந்தது. அவன் அவள்மேலிருந்து நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். மணிக்கட்டு ஒரு பக்கமாக மடிந்து, விரல்கள் அதற்குள் கத்திரிக்காய் நிறத்தில் வீங்க ஆரம்பித்திருந்தன. மறுபடியும் ஹாரன். அவள் இருமிக்கொண்டே எழுந்தாள். ஓடவில்லை. ஓடக் கதவு இருந்தது, ஆனால் அந்தப் படியில்தான் ஆரோன் ஏறி வந்துகொண்டிருந்தான்.

ஆரோன் உள்ளே வந்து நின்றான். ஜெஃப்ரியின் கையைப் பார்த்தான். தரையில் கிடந்த குழவியைப் பார்த்தான். கீதாவின் கழுத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தான்.

“இன்னா ஆச்சுண்ணே?”

கீதா சுவரோடு ஒட்டி நின்றாள். ஜெஃப்ரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆரோன் அவளை அங்கேயே முடித்துவிடுவான். அவன் இடுப்பில் எல்லாம் தயாராக இருந்தது.

“பாத்ரூம்ல வழுக்கி வுட்டுச்சுடா” என்றான் ஜெஃப்ரி.

பாத்ரூம் உலர்ந்து கிடந்தது. கதவு திறந்திருந்தது, நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஆரோன் அதையும் பார்த்தான்.

“இடது கையில புடிண்ணே. சும்மா ஒண்ணு போடு, மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

“முடியாதுடா.”

“அவன் அங்க வந்துகினு கீறான்.”

“முடியாதுன்றேன்ல.”

ஆரோன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கீதா பக்கம் திரும்பினான். “நல்லா பாத்துக்கோ அண்ணி. வளையல் போட்டு வுடு, கைக்கு நல்லா இருக்கும்” என்றான். நாற்காலியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையைத் தட்டிவிட்டுப் படி இறங்கினான். கீழே குரல்கள் கேட்டன. யாரோ கெட்ட வார்த்தை சொன்னான், யாரோ சிரித்தான். வண்டிகள் கிளம்பின. ஸ்டேஷன் பக்கம் போகவில்லை, கல்லறைப் பக்கமும் போகவில்லை. ஆளுக்கொரு திசையில் பிரிந்து போகும் சத்தம் கேட்டது.

கீதா ஒரு துண்டைக் கிழித்தாள். தோசைத் திருப்பியைக் கையோடு சேர்த்து வைத்துக் கட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் பல்லைக் கடித்தான். அவனுடைய இன்னொரு கை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கட்டினாள்.

“போகாதன்னு மறுபடியும் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டு இருப்பியா?” என்று கேட்டாள்.

“மாட்டேன்.”

முடிச்சுப் போட்டாள். வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது.

“மொத அடியிலயே ஒடஞ்சிடுச்சு” என்றான் அவன். “ரெண்டாவது எதுக்கு?”

கீதா யோசித்தாள். நாக்கு தானாகப் பாதிப் பல்லைத் தடவியது.

“அது எனக்கு” என்றாள்.

அவள் அவனுக்குப் பழைய சட்டை ஒன்றைத் தோளில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். படியில் அவனை முன்னால் போகவிட்டுப் பின்னால் இறங்கினாள். தெருமுனையில் ஆட்டோ நின்றது. எந்த ஆஸ்பத்திரி என்று ஓட்டுநர் கேட்டதற்கு அவளே பதில் சொன்னாள். அவனை முதலில் ஏற்றிவிட்டு, மறுபக்கமாகச் சுற்றிப் போய், அவனுடைய வலது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அந்தக் கை இன்னும் பல வாரத்துக்கு எழாது.